பன்னிரண்டு நிமிட நடை

வரைபடப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து ஜகபர் சாதிக்கின் உள்ளங்கைக்குள் தானாக நுழைந்துகொண்டது. அவன் அசையவில்லை. அசைந்தால் அந்தக் கை பயந்து வெளியே போய்விடும் என்று தோன்றியது. சார்ஜாவிலிருந்து ஊருக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. இந்தப் பதினொரு நாளில் அவனுடைய ஆறு வயது மகள் தமன்னா ஒரு தடவைகூடத் தானாக வந்து அவனைத் தொட்டதில்லை. அவன் முத்தம் கொடுத்தால் கன்னத்தைத் தோளில் தேய்த்துத் துடைத்துக்கொள்வாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு, எப்போது இறக்கி விடுவான் என்று தாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பட்டான். ஆனாலும் அந்தக் கை கொஞ்சம் கனமாக இருப்பது போலப் பட்டது. ஆறு வயதுக் குழந்தையின் கை எவ்வளவு கனம் இருக்கும் என்று அவனுக்கு எங்கே தெரியும்?

"போலாமா அத்தா?"

குனிந்து பார்த்தான். புலி முகம். மத்தியானம் கூடாரத்தில் உட்காரவைத்து ஆரஞ்சுச் சாயமும் கறுப்புக் கோடுகளுமாகத் தீட்டிவிட்ட முகம். தலையில் பூங்காவில் வாங்கிய மஞ்சள் தொப்பி. இன்றைக்கு அந்தப் பூங்காவில் பாதிப் பிள்ளைகள் புலிகள்தான், பாதிப் பிள்ளைகள் தலையில் அதே தொப்பிதான். அவனைத் திடுக்கிட வைத்தது முகம் இல்லை. 'அத்தா' என்ற அந்த ஒற்றைச் சொல். அவள் எப்போதும் அவனை 'போன் அத்தா' என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பெயர் அவளே வைத்தது. அவள் பிறந்தபோது அவன் சார்ஜாவில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முப்பது நாள் வந்து போனதெல்லாம் அவள் கணக்கில் சேரவில்லை. அத்தா என்றால் போனுக்குள் இருக்கும் ஆள். இந்தத் தடவை வந்த இரண்டாம் நாள் அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான். நேரில் வாயைத் திறக்காத பிள்ளை, அவன் மொட்டை மாடிக்குப் போய் மனைவி ஃபர்ஹானாவின் போனுக்கு வீடியோ கால் போட்டால் ஓடி வந்து எடுத்தாள். எந்தப் பல் ஆடுகிறது, வகுப்பில் யார் வாந்தி எடுத்தது, பூனை எத்தனை குட்டி போட்டது என்று அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள். பேசிக்கொண்டே அவன் படியிறங்கி வந்து வாசலில் நின்றதும் போனை வெட்டிவிட்டுத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம், பெற்ற மகளோடு பேச அவன் மாடிக்குப் போனான். முதல் நாள் ஃபர்ஹானா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

இந்தப் பாழாய்ப்போன உல்லாசப் பூங்காவுக்கு வந்ததே அவளைத் தன்னிடம் ஒட்டவைக்கத்தான். காணும் பொங்கல் விடுமுறை, கூட்டம் இருக்கும், வேண்டாம் என்று ஃபர்ஹானா சொன்னாள். கேட்டானா? கோட்டக்குப்பத்தில் நண்பன் சர்புதீனிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு, திண்டிவனம் பக்கம் வந்து, நாள் முழுவதும் சறுக்கிலும் ராட்டினத்திலும் மகளை ஏற்றி இறக்கினான். அவள் ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் அம்மாவிடம் ஓடினாள்.

கடைசியில் இருட்டும் நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்பினால், கார் நிறுத்துமிடம் ஏரிக்கு அந்தப் பக்கம். அங்கே கொண்டுபோய் விடுவதற்குப் பேட்டரி வண்டி. வண்டிக்கு வரிசை. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே ஆட்டு மந்தை மாதிரி மடங்கி மடங்கிப் போகும் வரிசை. வேர்வை நாற்றமும் நனைந்த துணி நாற்றமும் எண்ணெய்ப் பலகாரத்தின் வாடையும் ஒன்றாகக் குழம்பி மூக்கில் ஏற, ஜகபருக்கு ஆத்திரம் வந்தது. ஒன்பது வருஷமாக விடிகாலை நாலு மணிக்கு, முன்னால் நிற்பவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறவன் அவன். லீவிலும் பஸ்ஸுக்கு வரிசையா? இது என்ன தலையெழுத்து?

நாற்பது நிமிஷம் நின்றபின் வந்த வண்டியில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மாசிலாமணி என்ற பெரியவர், பூங்காச் சட்டை போட்டவர், ஃபர்ஹானாவின் தோளில் தூங்கும் கைக்குழந்தையை, தமன்னாவின் தம்பியைப் பார்த்து விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"கைப்புள்ளக்காரம்மா, நீ ஏறிக்கோம்மா. மத்தவங்க அடுத்த வண்டி."

"அடுத்தது எப்ப வரும்?" என்றான் ஜகபர்.

"யாருக்குத் தெரியும் சார், ரெண்டு வண்டி படுத்துட்டுது. ஒரே பேஜாரு. பேசாம நடைபாதைல போய்டுங்களேன். பன்னெண்டு நிமிஷம். நீங்க இங்க நிக்கிற நேரத்துல நாலு தபா போய்ட்டு வந்துர்லாம்."

ஃபர்ஹானா ஒரு காலை வண்டியில் வைத்தபடி தயங்கினாள். "இவ உங்களோட தனியா வருவாளாங்க? அழுவா. நானும் இறங்கிக்கிறேன், எல்லாரும் அடுத்த வண்டில போய்க்கலாம்."

"நான் பெத்த புள்ள என்கூட வரமாட்டாளா?" அவன் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ போ. அவள நான் கூட்டிக்கினு வர்றேன்."

வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து கூட்டம் முட்டியது. அவன் தடுமாறி ஒதுங்கி, வழி எது என்று பலகையைப் பார்க்க நிமிர்ந்தான். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் தமன்னா எங்கே நின்றாள் என்று அவன் பார்க்கவில்லை. அப்போதுதான் கை வந்தது.

நடைபாதை நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. சிவப்பு இன்டர்லாக் கல் பாவிய வழி, இடப்புறம் சவுக்குத் தோப்பு, வலப்புறம் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் கடலைச் செடி நிறைந்த யாருடையதோ மல்லாட்டைக் கொல்லை. முழங்கால் உயரத்துக்குக் காளான் வடிவ விளக்குகள். போலிப் பாறைகளுக்குள் ஒலிபெருக்கியை வைத்து மெல்லிய பாட்டு ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். தை மாதத்துப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஈர மண் வாசனையும் சவுக்குச் சருகின் காய்ந்த வாசனையும் மாறி மாறி வந்தன. தூரத்தில், வலது கைப் பக்கம், மயிலம் குன்றின் மேல் விளக்கு தெரிந்தது. கூட்டத்தின் இரைச்சல் பத்தடியில் பின்தங்கி, இருபதடியில் தேய்ந்து, முதல் வளைவில் அடியோடு நின்றுபோனது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"அத்தா, இந்தக் கல்லு பாடுது" என்றாள் பிள்ளை.

"ஆமாம்மா. உள்ள ஸ்பீக்கர் இருக்குது."

"நாளைக்கும் வரலாமா? நீங்களும் நானும் மட்டும்."

இதற்காகத்தானே நாய் மாதிரி அலைந்தது? 'வரலாம்' என்று சொல்ல வாயெடுத்தபோது காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. காலையில் கார் கதவைத் திறந்துவிட்டபோது அவன் கை பட்டுவிடாமல் ஒதுங்கி ஏறிய பிள்ளை இவள். பத்து மணி நேரத்தில் என்ன நடந்துவிட்டது?

ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான். இன்றைக்கு வெறுப்பார்கள், நாளைக்கு ஒட்டிக்கொள்வார்கள். அவன் தன்னையே அதட்டிக்கொண்டான். கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நீ என்று திட்டிக்கொண்டான்.

ஆனால் காது வேறு வேலை பார்த்தது. அவனுடைய செருப்பு கல்லில் 'சரக் சரக்' என்றது. அவளுடைய காலடிச் சத்தம் கேட்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் அமுங்கியிருக்கும். சின்னப் பிள்ளையின் காலுக்கு என்ன சத்தம் வரப்போகிறது? அவள் நடப்பதைப் பார்த்தான். இடது காலைக் கொஞ்சம் உட்பக்கம் திருப்பி வைத்து நடந்தாள். தமன்னா அப்படித்தான் நடப்பாளா? யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அவள் சிரிக்கும்போது எந்தக் கண் முதலில் சுருங்கும் என்பது அவனுக்குத் தெரியும். பேசும்போது மேலுதட்டை எப்படி நக்குவாள் என்பது தெரியும். நடை தெரியாது. போனில் யாரும் நடப்பதில்லை.

இரண்டாவது வளைவும் வந்து போனது. முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை. அத்தனை கூட்டத்தில் ஒருவருக்குக்கூட நடந்து போகலாம் என்று தோன்றவில்லையா? கால் இருப்பவன் எவனும் அந்த வரிசையில் இல்லையா? பன்னிரண்டு நிமிஷம் எப்போதோ ஆகியிருக்க வேண்டும். மயிலம் விளக்கு மட்டும் அசையாமல் அதே இடத்தில் நின்றது.

"உன் பல்லு ஆடுதுன்னு சொன்னியே" என்றான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான். "இப்ப எப்டி இருக்குது?"

"விழுந்துடுச்சு."

"எப்ப?"

"இன்னைக்குத்தான். தண்ணிச் சறுக்குல. உங்ககிட்ட காட்டலாம்னு இருந்தேன்."

நின்று, முகத்தைத் தூக்கி, வாயைத் திறந்து காட்டினாள். காளான் விளக்கின் வெளிச்சம் கீழேயிருந்து அடித்தது. ஆரஞ்சுக்கும் கறுப்புக்கும் நடுவே வாய் ஒரு குழியாக இருந்தது. பல் இருக்கிறதா இல்லையா என்று ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய கண்கள் மட்டும் அவனையே பார்த்தன. விலகாமல். வெட்கம் இல்லாமல். பதினொரு நாளில் ஒரு தடவைகூட அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏன் என்கிட்ட அப்பவே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு அத்தா. இப்ப இல்ல."

பாட்டு நின்றது.

ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ நிறுத்துவார்களாயிருக்கும். பூங்கா மூடும் நேரமாயிருக்கும். ஆனால் பாட்டு நின்றபோதுதான் தோப்பு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று தெரிந்தது. சவுக்கு மரம் எப்போதும் இரையும். காற்றே இல்லாவிட்டாலும் ஒரு மூச்சு விடும். இவை விடவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது.

திரையில் ஃபர்ஹானாவின் பெயர். வீடியோ கால். அவன் இடது கையால் எடுத்து, கட்டைவிரலால் தள்ளினான். திரை வெளுத்து, கலங்கி, தெளிந்தது.

தமன்னா.

சாயம் கழுவிய முகம். ஈரமான நெற்றி மயிர். பின்னால் காரின் சீட்டு. மேலுதட்டை நக்கிக்கொண்டு சிரித்தாள். வலது கண் முதலில் சுருங்கியது.

"போன் அத்தா! எங்க இருக்கீங்க? நாங்க வந்து எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா?"

அவன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"தமன்னா... நீ... எப்ப..."

"வண்டி கெளம்பறப்ப நான் ஓடிப் போய் அம்மா மடியில ஏறிக்கிட்டேன். நீங்க பாக்கவே இல்ல. போர்டைப் பாத்துக்கினு இருந்தீங்க." அவள் திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தாள். சிரித்தாள். முன்பல் ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் விழவில்லை. "ஜல்தி வாங்க போன் அத்தா. தனியா வர பயமா இருக்குதா?"

தனியா.

வலது கையில் இருந்த கை இறுகியது.

"அத்தா" என்றது கீழேயிருந்து. "யாரு அது போன்ல?"

அவன் பார்க்கவில்லை. திரையையே பார்த்தான். ஆறு வருஷமாக அவன் பார்த்த முகம் அது. அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில், போர்வைக்குள், ஓசை வராமல் அழுதுகொண்டு பார்த்த முகம். அவனுக்குத் தெரிந்த ஒரே மகள் அவள்தான்.

"அத்தா, அது நான் இல்ல அத்தா."

கையை உதறினான். அது விடவில்லை. சின்ன விரல்கள், ஈரமாக, ஐந்தும் அவன் சுண்டுவிரலைச் சுற்றி. போனைப் பையில் திணித்துவிட்டு இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் ஏதோ மளுக்கென்றது. 'ஆ' என்று ஒரு சத்தம். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மஞ்சள் தொப்பி கழன்று உருண்டது.

ஓடினான்.

பின்னால் காலடி. இப்போது கேட்டது. பொத் பொத்தென்று, சின்னது, நொண்டுவது போல. "அத்தா! அத்தா, இருங்க அத்தா!" அழுகை. மூச்சு வாங்கல். விழும் சத்தம். மறுபடி எழுந்து ஓடும் சத்தம். திரும்பிப் பார்க்காதே. திரும்பிப் பார்க்காதே. சைத்தானை விரட்ட அஊது பில்லாஹி என்று தொடங்கினான், அடுத்த சொல் வரவில்லை. சிறு வயதிலிருந்து ஓதியது. வரவில்லை.

வளைவு. இன்னொரு வளைவு. காலடி தேய்ந்தது. அழுகை மட்டும் கொஞ்ச நேரம் கூடவே வந்தது. பிறகு அதுவும் இல்லை.

திடீரென்று வெளிச்சம், டீசல் புகை, ஹாரன், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். கார் நிறுத்துமிடம். நடைபாதையின் வாயிலில் காக்கிப் புடவைக்கு மேல் கோட்டு போட்ட காவல்காரம்மா ஒருத்தி, கோட்டில் பிரபாவதி என்று பெயர் குத்தியவள், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அவனை விநோதமாகப் பார்த்தாள். அவன் நிற்கவில்லை.

சர்புதீனின் வெள்ளைக் கார் மூன்றாவது வரிசையில் இருந்தது. ஃபர்ஹானா காருக்கு வெளியே, கதவில் சாய்ந்துகொண்டு, தோளில் தூங்கும் கைக்குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றாள். சாவி அவனிடம்தான் இருந்தது. கார் பூட்டித்தான் இருந்தது. சீட்டில் யாரும் இல்லை.

"தமன்னா எங்கங்க?" என்றாள் ஃபர்ஹானா.

அவன் மூச்சு வாங்கினான்.

"உன்கூடதானே... வண்டில... இப்ப போன் பண்ணாளே..."

"எந்த போன்லங்க? சின்னவன் பாட்டு பாத்துக்கினே மத்தியானமே சார்ஜைத் தீத்துட்டான். என் போன் செத்துக் கெடக்குது." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கறுத்த கண்ணாடி. அதோடு ஒரு சின்ன டிஷ்யூப் பொட்டலமும் கையில் வந்தது. "விளையாடறீங்களா? புள்ள எங்க? இதப் பாருங்க, அவ பல்லு விழுந்துடுச்சு. 'நானே அத்தாகிட்ட சொல்றேன், நீ சொல்லாத'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. எங்கங்க அவ?"

பொட்டலத்துக்குள், ஓர் அரிசி அளவு ரத்தக்கறையோடு, பல் இருந்தது.

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். வார்த்தை முன்பின்னாக வந்தது. போன் வந்தது, முகம் தெரிந்தது, கையைப் பிரித்தது, தள்ளியது. ஃபர்ஹானா கத்தவில்லை. அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"தள்ளினீங்களா?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு நடைபாதையைப் பார்த்து ஓடினாள். அவன் பின்னால் ஓடினான்.

வாயிலில் பிரபாவதி குறுக்கே வந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், நீங்க எப்டி இந்தப் பக்கம் வந்தீங்க? இப்பதானே பாப்பாவ கூட்டிக்கினு உள்ள போனீங்க?"

"நானா?"

"ஆமா சார். நீங்க மொதல்ல தனியா ஓடி வந்தீங்க. நான் பாத்தேன். அப்புறம் ரெண்டு நிமிஷம் கூட ஆவல, பாப்பா அழுதுக்கினே தனியா வந்து இங்க நின்னுது. கை வீங்கியிருந்துச்சு. நீங்க திரும்ப வந்து தூக்கிக்கினீங்க. தொப்பிய உட்டுட்டு வந்துட்டா, எடுத்துக்கினு வந்துர்றோம்னு என்கிட்ட சொல்லிட்டுத்தானே போனீங்க?" அவள் சிரிக்கப் பார்த்து, இருவரின் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "என்ன சார் ஆச்சு?"

ஃபர்ஹானா உள்ளே போய்விட்டிருந்தாள்.

அதே சிவப்புக் கல். அதே காளான் விளக்குகள். இப்போது எதிர்த் திசையில் ஓடினான், ஆனாலும் மயிலம் விளக்கு வலது கைப் பக்கமே நின்றது. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை. ஒரே ஒரு நினைப்பு. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும். காலமெல்லாம் மாடியிலிருந்தே பேசிக்கொள்கிறேன். இருந்தால் போதும்.

முதல் வளைவில் ஃபர்ஹானாவை எட்டிப்பிடித்தான்; வளைவைத் தாண்டியதும் அவர்கள் தெரிந்தார்கள்.

அறுபதடி இருக்கும். ஓர் ஆள், ஒரு பிள்ளை. பிள்ளை தலையில் மஞ்சள் தொப்பி. ஆள் நீலக் கட்டம் போட்ட சட்டை. ஜகபர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அதே சட்டை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அதே முதுகு. கண்ணாடியில்கூட அவன் தன் முதுகைப் பார்த்ததில்லை; ஆனால் அது தன்னுடையது என்று தெரிந்தது. பிள்ளை துள்ளித் துள்ளி நடந்தாள். இடது காலை உட்பக்கம் திருப்பி வைத்து. என்னவோ ஓயாமல் பேசிக்கொண்டு போனாள். ஆள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு போனான்.

"தமன்னா!"

அவள் திரும்பினாள். புலி முகத்தில் கண்ணீர் ஓடிய இரண்டு தடம். அவனைப் பார்த்தாள். பதினொரு நாளாக அவன் பார்த்த அதே பார்வை. பிறகு அந்த ஆளின் பின்னால் ஒதுங்கி, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தா, அவன்தான்" என்றாள். "அவன்தான் என்னைத் தள்ளுனான்."

ஓடினான். அறுபதடி. ஓடினான். காளான் விளக்குகள் இரண்டு பக்கமும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. அறுபதடி. மூச்சு நெஞ்சில் குத்தியது. அறுபதடி.

பக்கத்தில் ஃபர்ஹானா நின்றுவிட்டிருந்தாள். அவன் அவ்வளவு தூரம் ஓடியும் அவள் அவன் பக்கத்தில்தான் இருந்தாள்.

முன்னால் போன ஆள் மெதுவாகத் திரும்பினான். விளக்கு அவன் முகத்தில் விழுந்தது. களைத்த முகம், ஆனால் நல்ல முகம். ஊரிலேயே இருந்து, பிள்ளையைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவன் முகம்.

ஃபர்ஹானா அந்த முகத்தைப் பார்த்தாள். இவனைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"நீ யாரு?" என்றாள்.

"ஃபர்ஹானா. நான்தான். ஃபர்ஹானா, என்னைப் பாரு, நான்தான் ஜகபர்..."

"என் புருஷன் பெத்த புள்ளையோட வெரல முறிச்சி, நட்ட நடு இருட்டுல தள்ளிட்டு ஓடி வரமாட்டாரு." அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அந்த மாதிரி ஆளு இல்ல அவரு."

அவன் கையை நீட்டினான். அவள் விலகினாள். அவன் தொட்டுவிடக்கூடாது என்று, துப்பட்டாவை இழுத்துக்கொண்டு விலகினாள்.

"ஏங்க!" அவள் முன்னால் பார்த்துக் கூவினாள். "ஏங்க, நில்லுங்க! நாங்களும் வர்றோம்!"

அந்த ஆள் நின்றான். கை நீட்டினான். அவளுக்கு மட்டும் தூரம் குறைந்தது. பத்தே காலடியில் போய்ச் சேர்ந்தாள். தமன்னா தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆள் குனிந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தான். அவள் உடம்பை விறைக்கவில்லை. அவன் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நால்வரும் நடந்தார்கள். அவசரமில்லாமல், கூட்டத்திலிருந்து தப்பித்து வந்த குடும்பம் காற்று வாங்கிக்கொண்டு நடப்பது போல. ஜகபர் கத்தினான். கத்திய சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. கால் எடுத்து வைத்தான்; கல் நகர்ந்ததே தவிர அவன் நகரவில்லை. அவர்கள் தாண்டத் தாண்டக் காளான் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போயின.

வளைவில் திரும்பும்போது ஃபர்ஹானாவின் தோளில் கைக்குழந்தை விழித்துக்கொண்டது. இருட்டில் நின்றவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு, ஊருக்குப் போகிறவர்களுக்குக் காட்டச் சொல்லிக்கொடுத்தபடி, கையை ஆட்டி டாட்டா காட்டியது.